டர்க்கி சில்லி ஏன் சப்பென்று போகிறது?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டல்லாஸ் பக்கம் இருக்கிறீர்கள், மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, அதனால் வான்கோழிக் கொத்துக்கறி வாங்கி வீட்டில் மூன்று முறை டர்க்கி சில்லி, அதாவது கறியைக் காய்ந்த மிளகாயில் வேகவைக்கிற டெக்சாஸ் கெட்டிக் குழம்பை மாட்டுக்குப் பதில் வான்கோழியில், செய்திருக்கிறீர்கள். மூன்று முறையும் தக்காளித் தண்ணீரில் மணல் கிடக்கிற மாதிரி வந்தது. நான்காவது முறை ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் போட்டீர்கள், ருசியாகத்தான் இருந்தது, ஆனால் கொத்துக்கறிக் குழம்பாகிவிட்டது. போதாக்குறைக்கு அலுவலகத்தில் ஒருவர் டர்க்கியும் பீன்ஸும் போட்டால் அது சில்லியே இல்லை என்று சொல்லிவிட்டார். கேட்டிருப்பது ரெசிபி. ஆனால் ரெசிபிக்கா பஞ்சம்? மாடு இல்லாமல் அந்தக் கனமான ருசி எங்கிருந்து வரும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சென்னையில் கேட்டரிங் படித்தவன். 14 வருடமாக டெக்சாஸில் ஹோட்டல் சமையலறைகளில் வேலை. வாரத்துக்கு ஒரு நாளாவது பெரிய அண்டாவில் சில்லி கிளறியிருக்கிறேன், அதில் பாதி டர்க்கி சில்லி, ஏனென்றால் மாடு வேண்டாம் என்பவர்களும் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களும் இங்கே நிறைய.

முதலில் அந்த அலுவலகக்காரர். அவர் சொல்வது டெக்சாஸ் கணக்கில் சரிதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சான் அன்டோனியோவின் சதுக்கங்களில் மெக்ஸிகன் பெண்கள் இரவில் அடுப்பு மூட்டி விற்றது மாட்டிறைச்சியும் காய்ந்த மிளகாயும் சேர்ந்த குழம்பு. சில்லி ராணிகள் என்று அவர்களுக்குப் பேர். 1930-களில் சுகாதார விதிகளைக் காட்டி அந்தக் கடைகளை மூடவைத்தார்கள். அப்புறம் 1977-ல் அதே சில்லியை மாநில உணவாக அறிவித்தார்கள், அதுதான் வேடிக்கை. டெர்லிங்குவா என்ற பாலைவன ஊரில் 1967-ல் ஆரம்பித்த சில்லிப் போட்டி இன்னும் நடக்கிறது, அங்கே கிண்ணத்தில் பீன்ஸ் இருக்கக் கூடாது. ஆனால் உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வான்கோழியை வளர்ப்புப் பறவையாக்கியதே மெக்ஸிகோ பக்கத்து மக்கள்தான், மிளகாயும் அங்கே விளைந்ததுதான். மாடு 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு கப்பலில் வந்தது. மிளகாய்க்கு வான்கோழிதான் பழைய சொந்தம், மாடு பிறகு வந்த சம்பந்தம். மெக்ஸிகோவில் பியூப்லா ஊரின் மோலே என்ற மிளகாய்க் குழம்பை இன்றைக்கும் விசேஷத்துக்கு வான்கோழியோடுதான் பரிமாறுகிறார்கள். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, ருசிக்கு வருவோம். மாட்டுச் சில்லியின் கனம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: கொழுப்பின் மணம், வறுபட்ட கறியின் மணம், பிறகு தசைகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு மூன்று மணி நேரம் வெந்து கரைந்து குழம்பை உதட்டில் ஒட்டுகிற பதத்துக்குக் கொண்டுவருவது. வான்கோழிக் கொத்துக்கறியில் முதலாவது குறைவு, மூன்றாவது ஏறக்குறைய கிடையாது. நீங்கள் வாங்குவது 99 சதவீதம் கொழுப்பில்லாதது என்று எழுதியிருந்தால் அது வெறும் நெஞ்சுக்கறி, அதில் இரண்டுமே இல்லை. அதைப் போட்டுவிட்டு, வெந்தால் ருசி ஏறும் என்று இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தால் மணல்தான் மிஞ்சும். இவ்வளவு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: டர்க்கி சில்லியில் ருசியைக் கறியிடம் எதிர்பார்க்கக் கூடாது. மிளகாய் விழுதிலும், பாத்திரத்தின் அடியில் ஒட்டும் பழுப்பிலும், ஊற்றுகிற சாற்றிலும் நாம் கட்டியெழுப்ப வேண்டும். கறி அதில் கடைசியாக வந்து உட்காருகிற விருந்தாளி.

கடையில் 93/7 அல்லது 85/15 என்று எழுதியிருப்பதை எடுங்கள். முதல் எண் கறி, இரண்டாவது கொழுப்பு. 85/15-ல் தொடைக்கறி கூடுதலாக இருக்கும், நிறமே கொஞ்சம் கருத்திருக்கும், நான் அதைத்தான் எடுப்பேன். 93 மட்டும்தான் கிடைத்தால் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி கூடுதலாக விடுங்கள், அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இனிமேல் சொல்லும் அளவெல்லாம் 2 பவுண்டு கறிக்கு, அதாவது சுமார் 900 கிராம், 7 பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

மிளகாய்தான் இந்தச் சமையலின் உயிர், இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குவதும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஊழியர் சாப்பாட்டுக்கு சில்லி செய்யச் சொன்னார்கள். ரெசிபி அட்டையில் 6 மேசைக்கரண்டி சில்லி பவுடர் என்று இருந்தது. நான் நம்பிக்கையாக என் பையிலிருந்த குண்டூர் மிளகாய்த்தூளை அளந்து போட்டேன். பாத்திரம் கழுவுகிறவர் வரைக்கும் ஒருவரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அமெரிக்கக் கடைகளில் சில்லி பவுடர் என்ற பெயரில் விற்பது தனி மிளகாய்த்தூள் கிடையாது. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், பூண்டுத்தூள், ஆரிகானோ, சிலவற்றில் உப்பு கூடச் சேர்த்த மசாலாக் கலவை. 1890-களில் டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மன்காரர் மிளகாயைக் காயவைத்து அரைத்து விற்க ஆரம்பித்த வியாபாரம் இது. டப்பாத் தூளிலும் சில்லி வரும், வராமல் இல்லை. ஆனால் டப்பா ஆறு மாதமாக அலமாரியில் இருந்தால் அதில் மணம் என்று எதுவும் மிச்சமிருக்காது. நீங்கள் முதல் மூன்று முறை போட்டது அப்படிப்பட்டதாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம்.

டல்லாஸில் இருந்துகொண்டு டப்பாவை நம்பவே வேண்டாம், மெக்ஸிகன் கடைக்குப் போங்கள். ஆன்சோ 4, குவாஹீயோ 3. ஆன்சோ என்பது பழுத்துக் காய்ந்த பொப்ளானோ மிளகாய், அகலமாகக் கருத்துச் சுருங்கி இருக்கும், முகர்ந்தால் உலர்ந்த திராட்சை வாசனை வரும். குவாஹீயோ நீளமாகச் செக்கச்செவேல் என்று இருக்கும், நிறத்துக்கு அது. இரண்டிலும் காரம் நம் அளவுக்கு ஒன்றுமே இல்லை. காரத்துக்கு ஆர்போல் மிளகாய் ஒன்றிரண்டு சேர்க்கலாம். புகை வாசனைக்கு சிப்போட்லே, அதாவது புகையில் காயவைத்த ஹாலப்பேனோ மிளகாய். அடோபோ என்ற புளிப்பு மசாலாச் சாற்றில் ஊறிய டின் கிடைக்கும், அதிலிருந்து ஒரு மிளகாயும் ஒரு கரண்டி சாறும் போதும். மிளகாய் வாங்கும்போது வளைத்துப் பாருங்கள், தோல் மாதிரி வளைய வேண்டும். சருகு மாதிரி நொறுங்கினால் பழையது. காம்பையும் விதையையும் எடுத்துவிட்டு வெறும் சட்டியில் ஒரு பக்கத்துக்கு 20, 30 நொடி, அவ்வளவுதான், மணம் கிளம்பியதும் எடுத்துவிட வேண்டும். கருகினால் கசப்பு வரும், அந்தக் கசப்பை எதைப் போட்டும் மறைக்க முடியாது. பிறகு வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, நான்கு பல் பூண்டோடு வழவழவென்று அரைத்துக்கொள்ளுங்கள். ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கசக்காவிட்டால் மட்டும் அரைக்கச் சேருங்கள்.

இந்த மிளகாய் கிடைக்காத ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், பியாட்கி மிளகாயும் பத்துப் பன்னிரண்டு உலர்திராட்சையும் சேர்த்து ஊறவைத்து அரைத்தால் பக்கத்தில் வரும். அதே ருசி என்று சொல்ல மாட்டேன், ஆனால் காஷ்மீரி தூளை மட்டும் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

கறியை எப்படி வறுப்பது என்பது அடுத்தது. வான்கோழிக் கொத்துக்கறி சட்டியில் விழுந்ததும் தண்ணீர் விடும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் அந்தத் தண்ணீரிலேயே அவிந்து சாம்பல் நிறமாகிவிடும், தண்ணீர் வற்றி வறுபட ஆரம்பிப்பதற்குள் கறி ரப்பராகியிருக்கும். இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, அரைத் தேக்கரண்டி ஆப்பசோடாவை 2 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, ஒரு தேக்கரண்டி உப்போடு கறியில் பிசிறி 15, 20 நிமிடம் வையுங்கள். சோடா கறியின் அமிலத்தன்மையைக் குறைப்பதால் புரதம் இறுகிப் பிழிவது குறைகிறது, தண்ணீர் உள்ளேயே நிற்கிறது, பழுப்பும் சீக்கிரம் ஏறுகிறது. அளவு கூடினால் சோப்பு வாசனை வரும், அதனால் கண் அளவு வேண்டாம். இரண்டு, பாதிக் கறியை மட்டும் வறுங்கள். அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் அந்தப் பாதியை அடை மாதிரி தட்டிப் போட்டு, 5 நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள். கரண்டி கையில் இருந்தால் கிளறத் தோன்றும், நம் பழக்கம் அப்படி, கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அடிப்பக்கம் நன்றாகச் சிவந்ததும் திருப்பிப்போட்டு இன்னும் 3 நிமிடம், பிறகு பெரிய துண்டுகளாக உடைத்து எடுத்து வையுங்கள். மீதிப் பாதி பச்சையாகவே இருக்கட்டும், பிறகு குழம்பில் நேராக விழும். வறுத்தது மணத்துக்கு, வறுக்காதது மிருதுவுக்கு.

கறியை வறுத்தால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்று நிறையப் பேர் எழுதுவார்கள். அது தவறு, வறுத்தால் சாறு போகத்தான் செய்யும். வறுப்பது மணத்துக்காக மட்டும்.

இப்போது பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும். நம் வீட்டில் அடிப்பிடித்துவிட்டது என்று பதறுவோம், இங்கே அதுதான் சொத்து. காந்தல் வாசனை வருவதற்கு முன் இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, சிட்டிகை உப்பு சேர்த்தால் வெங்காயத் தண்ணீரே அந்தப் பழுப்பைக் கரைத்தெடுக்கும். வெங்காயம் பொன்னிறம் தாண்டட்டும், 10, 12 நிமிடம் ஆகும். பிறகு நறுக்கிய பூண்டு 4 பல், தக்காளி பேஸ்ட் 2 மேசைக்கரண்டி. பேஸ்ட் பச்சைச் சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு இறங்க வேண்டும். அடுத்து வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு மேசைக்கரண்டி, மெக்ஸிகன் ஆரிகானோ 2 தேக்கரண்டி. பீட்சாவில் தூவுகிற ஆரிகானோ புதினா குடும்பம், இது வேறு குடும்பத்துச் செடி, எலுமிச்சை வாசனை கொஞ்சம் தட்டும், மிளகாயோடு நன்றாகப் போகும். இவற்றின் மேல் மிளகாய் விழுதைப் போட்டு, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை வதக்குங்கள். இந்த இடத்தில் மட்டும் நீங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கரைவிட நன்றாகவே செய்வீர்கள், ஏனென்றால் எண்ணெய் பிரிவது என்றால் என்ன என்று அவருக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். மிளகாயின் நிறமும் காரமும் மணமும் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் அவ்வளவாக வெளியே வராது.

இனி கனம். இணையத்தில் ஜெலட்டின் பொட்டலம் இரண்டைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள், அந்த ஜவ்வுப் பதத்துக்காக. வேலை செய்யும், ஹோட்டலில் நானும் செய்திருக்கிறேன். ஆனால் கடை ஜெலட்டின் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுப்பது. மாடு வேண்டாம் என்கிற உங்களுக்கு அது ஒத்துவராது. அதற்குப் பதில் வான்கோழி இறக்கை 2 வாங்கி வெட்டச் சொல்லி, கோழிப் பாதம் நாலைந்து சேர்த்து, மூழ்கத் தண்ணீர் ஊற்றி 3 மணி நேரம் சிறு தீயில் விடுங்கள். பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரம் போதும். ஃப்ரிட்ஜில் வைத்தால் அல்வா மாதிரி ஆட வேண்டும், அதுதான் அடையாளம். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த வாரமாக இருந்தால் வான்கோழி எலும்புக்கூட்டைத் தூக்கிப்போடாதீர்கள், அதைவிட நல்ல சாறு காசு கொடுத்தாலும் கிடைக்காது. இந்தச் சாறு 3 கப்பும், நசுக்கிய தக்காளி சின்ன டின் ஒன்றும், சுமார் 410 கிராம், ஊற்றுங்கள். தக்காளி அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் போட்டதாகச் சொன்ன பெரிய டின் இரண்டுதான் உங்கள் சில்லியை சூப்பாக்கியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி சேருங்கள். சைனீஸ் வாசனை வரும் என்று பயப்பட வேண்டாம், அந்த அளவில் தனியாகத் தெரியாது, கறியின் ருசியைத் தூக்கிக் கொடுக்கும். காய்ந்த காளான் பொடி இருந்தால் ஒரு கரண்டி, இதே காரணத்துக்காக. கொக்கோ, காபி, கருப்பு பீர் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் என் கருத்து கொஞ்சம் சந்தேகமானது. கொக்கோ 2 தேக்கரண்டி போட்டால் நிறம் கருக்கிறது, லேசான கசப்பு அடியில் நிற்கிறது, அது நிச்சயம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கிண்ணத்தை ருசி பார்த்தால் எல்லா முறையும் கண்டுபிடிப்பேன் என்று பந்தயம் கட்ட மாட்டேன். பட்டை போடலாமா என்றால் ஒரு சின்னத் துண்டு தாராளமாகப் போடலாம். சின்சினாட்டியில் 1922-ல் மாசிடோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் தொடங்கிய சில்லியில் பட்டை உண்டு, அதை ஸ்பகெட்டி மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். உங்கள் கரம் மசாலா குழம்பாக்கியதற்குக் காரணம் பட்டை கிடையாது, ஏலக்காயும் சோம்பும்தான். அந்த வாசனை வந்துவிட்டால் பாத்திரம் ஊர்ப் பக்கம் திரும்பிவிடும், மீட்க முடியாது.

எல்லாம் கொதித்ததும் வறுத்த கறியைச் சேர்த்து, பச்சைக் கறியையும் நெல்லிக்காய் அளவு கிள்ளிக் கிள்ளிப் போட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்து, மெல்லக் கொப்பளிக்கிற தீயில் 45 நிமிடம். ஒரு மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். இதில் அதிக நேரம் வேகவைத்தால் நல்லது என்பது மாட்டுத் துண்டுக்குத்தான் பொருந்தும். அரைத்த பறவைக்கறி உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ், தொட்டாக வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி, அது கொதிக்கிற குழம்பில் சில நிமிடத்திலேயே தொட்டுவிடும். மீதி நேரமெல்லாம் மசாலா இறங்குவதற்கு.

பீன்ஸ் டின்னில் வந்தது என்றால் 15 அவுன்ஸ் டின் இரண்டு, கழுவி, கடைசி 20 நிமிடத்தில். காய்ந்த ராஜ்மா என்றால் ஒரு எச்சரிக்கை. அதில் லெக்டின் என்ற நஞ்சு இருக்கிறது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 30 நிமிடம் கொதிக்கவைத்துத்தான் மேற்கொண்டு வேகவைக்க வேண்டும். ஊறவைத்ததை நேராக ஸ்லோ குக்கரில் போடுவது ஆபத்து, அந்தச் சூட்டில் நஞ்சு அழியாது, வாந்தி வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். இன்னொன்று, தக்காளியின் புளிப்பில் காய்ந்த பீன்ஸ் வேகாது, தனியாக முழுக்க வேகவைத்துவிட்டுச் சேருங்கள்.

கடைசியில் மாசா ஹரினா, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தின் மாவு, 2 மேசைக்கரண்டி எடுத்து, தண்ணீரில் கரைத்து ஊற்றி 10 நிமிடம். கெட்டியாகும், அதோடு டார்ட்டியா, அதாவது மெக்ஸிகன் சோள ரொட்டியின் வாசனை ஒன்று வரும், அது வந்ததும்தான் எனக்கு இது சில்லி என்று தோன்றும். கார்ன்ஃப்ளார் கெட்டியாக்கும், வாசனை தராது. அடுப்பை அணைத்த பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பைக் கடைசியாகப் பாருங்கள். ஏதோ குறைகிறது என்று தோன்றினால் பத்தில் எட்டு முறை உப்போ புளிப்போதான் குறைந்திருக்கும், மசாலா டப்பாவைத் தேடி ஓட வேண்டாம்.

இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரப் பிரஷர் குக்கரில் முழுச் சமையலையும் செய்யலாமா என்று கீழே இன்னொருவர் கேட்டிருந்தார். நான் அதில் சாறு மட்டும்தான் எடுப்பேன், முழுச் சில்லி செய்த அனுபவம் இல்லை, செய்தவர்கள் சொல்லட்டும். மறுநாள் ருசி கூடுமா என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். என் நாக்குக்குக் கூடுகிறது, மீன் குழம்பு மாதிரியேதான். ஆனால் ராத்திரி முழுக்க அடுப்பு மேல் விட்டுவிடாதீர்கள், 2 மணி நேரத்துக்குள் அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும், 4 நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். மேலே வெங்காயம், கொத்தமல்லி, புளித்த க்ரீம், சீஸ் எது வேண்டுமானாலும். எங்கள் வீட்டில் மீந்தது மறுநாள் காலையில் தோசைக்குள் போகும். மொறுமொறு தோசையில் கெட்டிச் சில்லியும் கொஞ்சம் சீஸும் வைத்து மடித்தால், என் மகள் அதற்காகவே நான் சில்லி செய்யும் கிழமையைக் கேட்டு வைத்துக்கொள்கிறாள்.